அக்கியாப் வரை

விடிந்ததிலிருந்து ரோஸ் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரங்கூனின் பசுந்தாங் ஓடையின் மேல் மேகம் தாழ்ந்து நின்றது. அரிசி ஆலைகளின் புகை மேலே ஏற வழியில்லாமல் கூரைகளின் மேல் படர்ந்து கிடந்தது. மழை விட்டிருந்ததே தவிரப் போய்விடவில்லை. இந்த வானத்தின் வழியாகத்தான் அண்ணன் வரப்போகிறான்.

உள்ளறையில் அப்பா ஏசுரத்தினம் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, இனி மருந்து கொடுப்பது மனத் திருப்திக்குத்தான் என்று டாக்டர் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றுதான் ரோஸ் கல்கத்தாவிலிருக்கும் அண்ணன் பர்னபாஸுக்குத் தந்தி கொடுத்தாள். அப்பா உன்னைக் கேட்கிறார், உடனே வா என்று.

அப்பா கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் பர்னபாஸின் பெயரை யாரும் சொன்னதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் சாகக் கிடந்தவனைத் தேவ ஊழியத்துக்கு என்று நேர்ந்துகொண்டவர் ஏசுரத்தினம். அராகான் கரையோரம் ஓடும் கப்பலில் கணக்கப்பிள்ளையாக இருந்து, மிச்சம் பிடித்து, அவனைக் கல்கத்தாவில் வேதக் கல்லூரிக்கு அனுப்பினார். அவன் அதை நடுவில் விட்டுவிட்டு அங்கேயே ஒரு மோட்டார்ப் பட்டறையில் சேர்ந்தான். செய்தி வந்த அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இனி இந்த வீட்டில் அவன் பேச்சு வேண்டாம் என்று சொன்னவர்தான். அதன்பின் ரோஸும் அவள் அம்மா தங்கம்மாளும் அடுப்படியில்கூட அந்தப் பெயரைத் தணிந்த குரலில்தான் சொல்லிக்கொண்டார்கள்.

பதில் தந்தி நேற்று மாலை வந்தது. கப்பல் போய்விட்டது, விமானியோடு வருகிறேன், நாளை ரங்கூன் என்று இருந்தது.

தங்கம்மாளுக்குப் புரியவில்லை. ரோஸுக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. சீமையிலிருந்து கிழக்கே பறந்து போகும் ஒரு வெள்ளைக்காரர் கல்கத்தாவில் தங்கிவிட்டதாகவும், எஞ்சினைக் கவனிக்க அவரோடு வந்த பிட்டர் விஷக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும் பத்திரிகையில் படித்திருந்தாள். எஞ்சினைப் பழுது பார்த்தது அண்ணனுடைய பட்டறையாக இருக்க வேண்டும். ரங்கூன் வரைக்கும் எஞ்சினைக் கவனிக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஆளாக அவன் ஏறிக்கொண்டுவிட்டான்.

அம்மாவிடம் அதை விளக்கிச் சொன்னபோது தங்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கப்பலில் போய்வந்த காலமெல்லாம் காற்று அடித்தால் எழுந்து முழங்கால் போட்டு ஜெபித்தவள். காலுக்குக் கீழே தண்ணீர்கூட இல்லாத பயணத்துக்கு என்னவென்று ஜெபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பாகிட்ட யார் சொல்றது?" என்றாள் ரோஸ்.

"நான் சொல்றேன்" என்றாள் தங்கம்மாள்.

*

கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்ட பிறகு தங்கம்மாள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பர்னபாஸ் இன்றைக்கு வருகிறான், கப்பலில் இல்லை, ஆகாய விமானத்தில் வருகிறான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற ரோஸ் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அது அசையவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. கோபத்தில் இரைப்பு வந்துவிடுமோ என்று பயந்து அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

ஏசுரத்தினம் கண்ணைத் திறந்தார். "எத்தனை மைல்?" என்று கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேப்பர்ல அறுநூத்தி அம்பதுன்னு போட்டிருக்கான்பா" என்றாள் ரோஸ்.

அவர் அதை யோசித்தார். கப்பலுக்கு அதைவிட வெகு அதிகம் என்று மெல்லச் சொன்னார். கப்பல் நெக்ரைஸ் முனையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பறக்கிற ஒன்றுக்கு முனையும் கிடையாது, திட்டும் கிடையாது. பிறகு மணிக்கு எத்தனை மைல் போகும் என்று கேட்டார். தொண்ணூறு என்று ரோஸ் சொன்னாள். அவர் விரல்கள் போர்வையின் மேல் ஏதோ எழுதின.

"பாதி வழியில இருக்கிற அக்கியாப்புக்கு நாலு மணி நேரம் வேணும். எண்ணெய் ஊத்தணும். அங்கிருந்து இங்க வர இன்னொரு நாலு. எதிர்க்காத்து வேற." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆலையில நாலு மணிச் சங்கு ஊதுறப்ப வந்து சேரலாம். அது கெடாம இருந்தா."

அது என்றுதான் சொன்னார். வருகிறவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறான், யாரோடு வருகிறான், ஏன் வருகிறான் என்று எதுவுமில்லை.

ஆனால் அரை மணிக்கு ஒருமுறை மணி என்ன என்று கேட்க ஆரம்பித்தார்.

*

நடுப்பகலில் காஜா மைதீன் படியேறி வந்தார். ஓடைக்கரையில் படகுகளுக்குக் கயிறும் விளக்கும் விற்கும் கடை வைத்திருப்பவர். ஏசுரத்தினம் கப்பலில் இருந்த நாளிலிருந்து பழக்கம். பத்திரிகை ஆபீஸ் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறார்கள், விமானம் அக்கியாப்பில் பத்திரமாக இறங்கிவிட்டது என்ற செய்தியைக் கொண்டுவந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றபடியே சொன்னார். மழை மறுபடி பிடித்திருந்தது.

உள்ளேயிருந்து ஏசுரத்தினத்தின் குரல் வந்தது. எத்தனை மணிக்கு இறங்கியதாம் என்று கேட்டார். காஜா மைதீன் சொன்னார். சரி, சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

குதிரைப் பந்தய மைதானத்தில்தான் இறங்கப்போகிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. ரோஸுக்குத் தனியாகப் போகத் தயக்கம். அதைக் கேட்க வைக்காமல் காஜா மைதீனே, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், கீழே குதிரைவண்டி நிற்கிறது என்றார்.

கிளம்பும்போது தங்கம்மாள் படி வரைக்கும் வந்தாள். பர்னபாஸை நேரே வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னாள். வழியில் யாராவது விமானத்தைப் பற்றிக் கதை கேட்டாலும் நிற்க விடாதே என்றாள்.

ரோஸ் ஒரு படி இறங்கி, மறுபடி ஏறி வந்தாள்.

"அம்மா, அப்பா கேக்குறார்னு நான்தான் தந்தியில போட்டேன். அவர் கேக்கல."

"தெரியும்."

"அவன் வந்து அப்பா முகத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுக்குவான்."

தங்கம்மாள் மகளின் முந்தானையை இழுத்துத் தலையை மூடிவிட்டாள். "போ. மழை வலுக்குது" என்றாள்.

*

தாமுவேயைத் தாண்டும்போதே சாலை நிறைய ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பர்மியப் பெண்கள் எண்ணெய்த்தாள் குடை பிடித்துப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ரயில்வே கூலிகள், சீனக் கடைக்காரர்கள், வங்காளி குமாஸ்தாக்கள் எல்லோரும் ஒரே பக்கம் போனார்கள். திருவிழாவுக்குப் போவது போலிருந்தது.

மைதானத்தின் நடுவில் வெள்ளைத் துணியைப் பெரிதாக விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு மூலையில் ஈர வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். அது எரியாமல் புகைந்துகொண்டேயிருந்தது. புல்தரை முழுக்க நீர் கோத்து நின்றது.

ரோஸ் வேலிக் கயிற்றை ஒட்டி இடம் பிடித்தாள். அண்ணனைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று மனசுக்குள் சேர்த்துப் பார்த்தாள். அப்பா உன்னைக் கேட்கவில்லை, ஆனால் மைல் கேட்டார் என்று சொல்லலாமா? அவனுக்கு அது விளங்குமா? அவளுக்கே முழுக்க விளங்கியிருக்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர், இதே தூரம் தான் கப்பலில் வந்தபோது மூன்று நாள் வாந்தியெடுத்த கதையைச் சிரிப்புடன் சொல்லிக்கொண்டிருந்தார். இனி காலையில் கல்கத்தாவில் சாயா குடித்துவிட்டு மாலையில் ரங்கூனில் சாப்பிடலாம், உலகம் சுருங்கிப்போச்சு என்றார். காஜா மைதீன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

*

பசுந்தாங் வீட்டில் தங்கம்மாள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து புருஷனின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். பாதம் சில்லிட்டிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் சூடு ஏறவில்லை.

ஏசுரத்தினம் கண்ணை மூடிக்கொண்டே பேசினார். கப்பலில் போன கரையெல்லாம் அவர் இமைக்குள் ஓடியிருக்க வேண்டும். அக்கியாப்பின் கலங்கரை விளக்கைச் சொன்னார். சவுக்கு மரங்கள் நிற்கும் மணல் திட்டைச் சொன்னார். ஒரு வருஷம் புயலில் கப்பல் ஒதுங்கி நின்ற குடாவைச் சொன்னார். அவர் பேசப்பேச மூச்சு குறைந்தது. பேச வேண்டாம் என்று தங்கம்மாள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

மணி என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"அப்ப கீழ சாண்டவே ஊரு தெரியும். இந்த மழையில மலை மேல போகக் கூடாது. யோமா முழுக்க மேகமா இருக்கும். கரையைப் பிடிச்சுக்கிட்டே வரணும்." கொஞ்சம் நிறுத்தினார். "வருவான். அவனுக்குப் புத்தி உண்டு."

தங்கம்மாளின் கை காலின் மேல் அப்படியே நின்றது.

அவருக்குத் தான் சொன்னது தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிக் கேட்டால் அது போய்விடும் போலிருந்தது. மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

"மேல குளிரும்" என்றார் அவர். "கனமாச் சட்டை போட்டிருப்பானா?"

"போட்டிருப்பான்."

"அவன் போட மாட்டான். சின்னதுலயே அப்படித்தான். கப்பல் மேல்தட்டுல காத்துல நிப்பான். கூப்பிட்டா வர மாட்டான்."

தங்கம்மாளுக்குக் கண்ணில் நீர் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்காமல் தோளில் முகத்தை உரசிக்கொண்டாள். கீழ்வீட்டுப் பர்மியப் பெண் டோ மியா அரிசிக் கஞ்சியோடு வந்தவள், இவர்கள் பேசுவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே எழுந்த சத்தம் முதலில் ஆலை எஞ்சின் போலத்தான் கேட்டது. பிறகு அது நகர்ந்தது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து, மேகத்துக்குள்ளிருந்து, பெருத்துக்கொண்டே வந்தது. தெருவில் ஆட்கள் ஓடினார்கள். ஆலைக்குள்ளிருந்தவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஜன்னலைத் திற" என்றார் ஏசுரத்தினம்.

அவள் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது. மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சத்தம் கூரையின் மேலேயே போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசையிலிருந்த மருந்துச் சீசா அதிர்ந்தது. அவர் தலையணையிலிருந்து முதுகை எடுத்துக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் தாமுவே பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

நாலு மணிச் சங்கு இன்னும் ஊதவில்லை. ஊத நிறைய நேரம் இருந்தது.

"பர்னபாஸ்" என்றார் ஏசுரத்தினம். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. "என் கணக்குக்கு முந்திட்டான், பாரு."

அவள் அவரைச் சாய்த்துவிட்டு ஜன்னலை மூடப் போனாள். கொக்கி மழையில் ஊறிப் பிடித்துக்கொண்டது. அதை ஒருவழியாக மாட்டிவிட்டுத் திரும்பியபோது அவர் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

*

விமானம் புல்தரையில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு ஓடி, வெள்ளைத் துணியைத் தாண்டி நின்றது. கூட்டம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. போலீஸ்காரர்கள் தடியைக் குறுக்கே பிடித்துத் தள்ளினார்கள்.

முன்பக்க இருக்கைக் குழியிலிருந்து ஒருவர் இறங்கினார். முகமெல்லாம் எண்ணெய்க் கரி. கண்ணாடியைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இருந்தது. பின்பக்கக் குழியிலிருந்து யாரும் இறங்கவில்லை.

ரோஸ் காத்திருந்தாள். ஒருவேளை குளிரில் விறைத்துப்போயிருப்பான், இறங்கக் கொஞ்ச நேரமாகும் என்று நினைத்தாள். பின்குழியின் மேல் ஒரு தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்ததைக் காஜா மைதீன்தான் முதலில் பார்த்தார்.

எப்படிப் போலீஸைத் தாண்டினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இங்கிலீஷில், இவருடைய பிட்டர் என் அண்ணன், என் அண்ணன் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஓர் இன்ஸ்பெக்டர் அவளை விமானியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

விமானிக்குக் காது அடைத்திருந்தது. அவள் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

அக்கியாப்பில் தரை முழுக்கச் சேறு என்று சொன்னார். எண்ணெயை நிரப்பி, இரண்டு பேரும் ஏறிக்கொண்டு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்களாம். சக்கரம் சேற்றைவிட்டு எழும்பவில்லை. எண்ணெயைக் குறைத்தால் ரங்கூன் வந்து சேர முடியாது. அதனால் ஆளைக் குறைக்க வேண்டியதாயிற்று. உன் அண்ணனேதான் இறங்கினான், நான் சொல்வதற்கு முன்பே இறங்கிவிட்டான், விசிறியைச் சுழற்றிவிட்டு எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்ததும் அவன்தான் என்றார். நல்ல வேலைக்காரன் என்றார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொன்னான், இப்போது எப்படியிருக்கிறது என்றும் கேட்டார்.

ரோஸ் பதில் சொல்வதற்குள் மாலையோடு வந்த பெரிய மனிதர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் காஜா மைதீன் ஒன்றே ஒன்று சொன்னார். அக்கியாப்பிலிருந்து கரையோரக் கப்பல் நாளை விடியற்காலம் புறப்படும். ஆனால் துறைக்குத் துறை நின்று, இந்தக் கடலில் தட்டுத் தடுமாறி இங்கே வந்து சேர வெள்ளி, சனி ஆகிவிடும். பாதித் தூரத்தை ஒரு காலைப் பொழுதில் கடந்தவனுக்கு மீதிப் பாதிக்கு வாரம் முடிந்துவிடும்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றே ரோஸ் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். எஞ்சின் பழுது, நாளைக்கு வருவான் என்று சொல்லலாம். நாளைக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

*

மாடிப்படியில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

அறைக்குள் நுழைந்ததும் டோ மியா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கம்மாள் கட்டிலருகே அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். காஜா மைதீன் நுழைந்ததும் அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"எங்க அவன்?"

"அக்கியாப்ல இருக்கான்மா. அதுக்கு மேல அவனை ஏத்த முடியலயாம்."

"வந்தானே. சத்தம் கேட்டுச்சே. அவர் கேட்டாரே."

ரோஸ் நடந்ததைச் சொன்னாள். தங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும் மெதுவாக, ஆள் குறைந்ததால்தான் சீக்கிரம் வந்ததா என்று கேட்டாள். இருக்கலாம் என்றாள் ரோஸ். அதற்குப் பிறகுதான் தங்கம்மாள் அழுதாள். ரோஸ் கட்டிலின் காலடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

அழுகை ஓய்ந்தபோது அம்மா அவளுக்கு எல்லாம் சொன்னாள். சாண்டவே, யோமா மலை, கனமான சட்டை, கடைசியில் அந்தப் பெயர். ஒரு சொல் விடாமல், அவர் சொன்ன மாதிரியே சொன்னாள்.

"உன் தந்தி இப்ப பொய் இல்ல" என்றாள்.

போதகர் வந்து ஜெபித்தார். சபை ஊழியக்காரரான கோயில் பிள்ளையைக் கூப்பிட்டு, ஏசுரத்தினம் அய்யா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், போய் மணியடி என்று அனுப்பினார். காலையில் எட்டு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. இந்த மழைக்காலத்தில் அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். தங்கம்மாள் தலையசைத்தாள்.

பர்னபாஸுக்கு என்ன சொல்வது என்ற பேச்சு வந்தது. கப்பல் விடியலில் கிளம்பிவிட்டால் எந்தத் தந்தியும் அவனை எட்டாது, தெரிவிப்பதென்றால் இப்போதே தெரிவிக்க வேண்டும் என்று காஜா மைதீன் நினைவுபடுத்தினார்.

"சொல்லாதே" என்றாள் தங்கம்மாள்.

ரோஸ் மெல்ல மறுத்தாள். அப்பாவைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வந்து துறையில் இறங்குவான், அங்கே யாரோ தெரிந்தவர் வாயால் கேட்பான், அது பெரிய கொடுமை என்றாள். நாளைக்கு அவன் நம்மைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றாள்.

"துறைக்கு நான் போறேன். நானே சொல்றேன்" என்றாள் தங்கம்மாள். "நடுக்கடல்ல அவன் தனியா உக்காந்து அழணுமா? தோளைப் பிடிக்க ஒரு ஆள் உண்டா அவனுக்கு? வேண்டாம் ரோஸ். அங்க இருக்கிற வரைக்கும் அவனுக்கு அப்பா இருக்கட்டும்."

"தெரியாம வர்றதும் பொய்தானேம்மா."

தங்கம்மாள் அவர் மேலிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். வந்து சேரு என்று மட்டுமாவது தந்தி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் ஏறுவானோ மாட்டானோ என்று ரோஸ் சொன்னாள். அதற்குத் தங்கம்மாள் தடை சொல்லவில்லை.

*

தந்தி ஆபீஸில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கியவர்கள் வராந்தாவில் நின்று விமானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். காஜா மைதீன் படியிலேயே நின்றுகொண்டார்.

ரோஸ் அக்கியாப் துறைமுக ஆபீஸ் மேற்பார்வை என்று முகவரியை எழுதினாள். அண்ணன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே பேனா ஓடவில்லை. வந்து சேர் என்று மட்டும் எழுதினால், அப்பா எப்படி இருக்கிறார் என்ற கேள்வியோடுதான் அவன் கப்பலேறுவான். இறந்துவிட்டார் என்று எழுதினால் அம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது.

வராந்தாப் பேச்சுக்குப் பின்னால் கோயில் மணி கேட்டது. ஒன்று அடித்து, நெடுநேரம் விட்டு, மறுபடி ஒன்று.

அவள் இங்கிலீஷில் இரண்டே வரி எழுதினாள். தந்தி குமாஸ்தா சுப்பிரமணியம் தாளை வாங்கிப் பென்சிலால் சொற்களைத் தட்டிக்கொண்டே தமிழில் உரக்கப் படித்துச் சரிபார்த்தார்.

"அப்பா நித்திரையில் இருக்கிறார். கப்பலில் வா." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நனைந்த தலையையும் சிவந்த கண்ணையும் பார்த்து இரக்கப்பட்டவர் போல ஆறுதலாகச் சிரித்தார். "தூங்குறாரா? அப்ப உடம்பு தேவலையாயிட்டுதுன்னு சொல்லுங்க."

வேதக் கல்லூரியில் பாதிவரை படித்தவன் அண்ணன். அவன் இதை எப்படிப் படிப்பான் என்று ரோஸுக்குத் தெரியவில்லை. போதகர் சொன்ன நித்திரையாகப் படிப்பானா, இந்த மனிதர் படித்த மாதிரி படித்துவிட்டு நிம்மதியாகக் கப்பலேறுவானா?

"அப்படியே அனுப்புங்க" என்றாள்.

குமாஸ்தா கருவியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் குமிழைப் பிடித்துத் தட்ட ஆரம்பித்தன. ரோஸ் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, கடைசி எழுத்து போய்ச் சேரும் வரை அங்கேயே நின்றாள்.